எம்பிபிஎஸ் கடைசி ஆண்டு, திரும்ப வேண்டியது சிங்கப்பூர்: பிளாப்பா, யுஎஸ்எம்எல்இயா, எம்ஆர்சிபியா?

ஈசூன் கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம். ஈசூனில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் கடைசி ஆண்டு படிக்கிறேன். தேறினால் அங்கேயே ஓராண்டு சிஆர்ஆர்ஐ என்கிற கட்டாய மருத்துவமனைப் பயிற்சி. தொடக்கக் கல்லூரி, தேசிய சேவை (மெடிக், நீ சூன் முகாமில் பயிற்சி) எல்லாம் முடித்துவிட்டுத்தான் இந்தியா போனேன். அதனால் வகுப்பில் பாதிப் பேர் என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் படிக்கும் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் அங்கீகரிக்கும் கல்லூரிகளின் பட்டியலில் இல்லை. சேரும்போதே தெரியும். "முதல்ல டாக்டர் ஆகு, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்றார் அப்பா. இப்போது மற்றதைப் பார்க்க வேண்டிய நேரம்.

அறைத் தோழர்கள் நீட் பிஜிக்கு (இந்தியாவில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வழி வேண்டாம், கடைசியில் இங்கேதான் வேலை பார்க்க வேண்டும். சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் யுஎஸ்எம்எல்இ எழுதி அமெரிக்கா போ என்கிறார், இன்னொருவர் பிரிட்டனுக்கான பிளாப் சுலபம் என்கிறார், ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா ஒருவர் அந்த நாட்டுத் தேர்வான ஏஎம்சி எழுதச் சொல்கிறார். சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் "மூன்று நாட்டுத் தேர்வுக்கும் ஒரே பாடத்திட்டம்" என்று பெரிய தொகை கேட்கிறது. மருத்துவம் எங்கும் ஒன்றுதானே, ஒருமுறை நன்றாகப் படித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிவிடலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. இது நடக்கக்கூடியதா? சிஆர்ஆர்ஐ பார்த்துக்கொண்டே படித்தவர்கள் எப்படிப் படித்தீர்கள்?

விடுமுறைக்கு வந்திருக்கிறேன். அம்மா ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பையன் டாக்டர்" என்று சொல்லிவிட்டார். நேற்று மாமா ஒருவர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி) 8.4, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. "நான் இன்னும் டாக்டர் ஆகலை மாமா" என்றால் யார் கேட்கிறார்கள்?

வார்டு அக்கா

தம்பி, மதுரைப் பக்கம் எம்பிபிஎஸ் படித்து, பிரிட்டனில் கொஞ்ச காலம் இருந்து, எம்ஆர்சிபி (உள்நோய் மருத்துவத்தில் பிரிட்டனின் முதுநிலைத் தகுதி) முடித்து இங்கே வந்தவள் நான். இப்போது ஒரு பொது மருத்துவமனையில் உள்நோய் மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எந்தத் தேர்வு சுலபம்" என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பிளாப் எழுதினால் பிரிட்டன், யுஎஸ்எம்எல்இ எழுதினால் அமெரிக்கா என்பதுபோல, வெளியில் படித்த எவரும் உட்கார்ந்து எழுதிவிட்டு உள்ளே வரலாம் என்று ஒரு தேர்வு சிங்கப்பூரில் கிடையாது. இங்கே பட்டியல்தான் வாசல். 160 கல்லூரிகள் இருந்த பட்டியலை 2020 ஜனவரியில் 103 ஆகக் குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒன்பது சேர்த்து 112 ஆக்கினார்கள். உங்கள் கல்லூரி அதில் இல்லை என்றால், மருத்துவ மன்றம் ஏற்கும் ஒரு முதுநிலைத் தகுதி வேண்டும், கூடவே மன்றம் அங்கீகரித்த ஒரு மருத்துவமனை "எங்களுக்கு இவர் வேண்டும்" என்று வேலை கொடுக்க வேண்டும். அப்போதுகூட முதலில் கிடைப்பது நிபந்தனைப் பதிவுதான். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும்.

ஆகவே பிளாப் மட்டும் தேறி வந்தால் இங்கே ஒன்றும் நடக்காது. யுஎஸ்எம்எல்இயின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 தேர்வுகளை முடித்து வந்தாலும் அதேதான். அவை அந்தந்த நாட்டுக்குள் போக உதவுபவை. அங்கே போய் முதுநிலைத் தகுதி எடுத்த பிறகுதான் சிங்கப்பூர்க் கதவைத் தட்டலாம். சென்னைப் பயிற்சி நிலையம் இதைச் சொல்லியதா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்நோய் மருத்துவம் பிடிக்குமென்றால் எம்ஆர்சிபி நேரான வழி. மருத்துவராகக் குறைந்தது 12 மாத அனுபவம் இருந்தால்தான் முதல் பகுதி எழுதலாம், எனவே இன்றே பதறத் தேவையில்லை. முதல் பகுதியில் மூன்று மணி நேரத் தாள்கள் இரண்டு, தாளுக்கு 100 கேள்விகள். ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தில் மூன்று "சரிதான்" என்று தோன்றும்படிதான் கேட்பார்கள். முதல் பகுதி தேறியது ஏழு ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் இரண்டாம் எழுத்துத் தேர்வும் பேசஸ் என்கிற செய்முறைத் தேர்வும் முடிக்க வேண்டும். பேசஸ் சிங்கப்பூரிலும் நடக்கிறது. அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம் என்றால் தேர்வு நடத்தும் ராயல் கல்லூரியும் தேர்வும் வேறு. அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் எங்கே வேலை பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. நான் போனபோது பிளாப் முடித்த கையோடு பிரிட்டனில் வேலை கிடைத்தது. இப்போது அங்கே ஒரு இடத்துக்கு விழும் விண்ணப்பங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வுக்கு ஒதுக்கும் பணத்தைப் போலவே, வேலை கிடைக்கும்வரை வீட்டிலிருந்து எவ்வளவு தாங்க முடியும் என்பதையும் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

மருத்துவம் எங்கும் ஒன்றுதானே என்றீர்கள். நோய் ஒன்றுதான், விடை ஒன்றல்ல. நீரிழிவு இல்லாத 60 வயதுக்காரருக்குப் புதிதாக ரத்த அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் தேர்வில் அவருக்கு முதல் மருந்து கால்சியம் சேனல் பிளாக்கர் (உங்கள் மாமாவின் அம்லோடிபின் அந்த வகைதான்). அவருக்கே இரண்டாம் வகை நீரிழிவும் இருந்தால், வயது எதுவானாலும் ஏசிஇ இன்ஹிபிட்டர் அல்லது ஏஆர்பி என்கிற வேறு வகை ரத்த அழுத்த மருந்து. அமெரிக்க முறையில் முதலாமவருக்குத் தயசைட் என்கிற நீர் மாத்திரையும் சமமான முதல் மருந்து. நீரிழிவுக்காரரிடம் சிறுநீரில் அல்புமின் போகிறதா, இதய நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏசிஇ பக்கம் சாய்வார்கள். உங்கள் மாமாவின் தாளை வைத்தே இரண்டு தேர்வுக்கும் இரண்டு கேள்வி எழுதிவிடலாம். (வீக்கத்துக்கு அம்லோடிபின் காரணமாக இருக்கலாம், இதயமோ சிறுநீரகமோ காரணமாகவும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், பலதுறை மருந்தகத்துக்கு அனுப்புங்கள்.)

மருந்தைவிட, சட்டமும் ஒழுக்கமும் வரும் கேள்விகளில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 15 வயதுப் பெண் தனியாக வந்து கருத்தடை மாத்திரை கேட்கிறாள், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்கிறாள். தமிழ்நாட்டு வார்டில் பழகிய கை தானாக "பெற்றோரை அழைத்து வரச் சொல்" என்ற விடையைத் தொடும். பிரிட்டிஷ் தேர்வில் அது தவறு. அவளுக்கு விஷயம் புரிகிறதா, யாராவது வற்புறுத்துகிறார்களா, மாத்திரை இல்லாவிட்டாலும் உறவைத் தொடரப்போகிறாளா என்று பார்க்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லும்படி ஊக்கப்படுத்த வேண்டும். அவள் மறுத்தாலும், இதெல்லாம் பொருந்தினால் மருந்து கொடுக்கலாம். இதேபோல, முதல் தடவை வலிப்பு வந்தவர் அங்கே எத்தனை மாதம் கார் ஓட்டக் கூடாது, அதை ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு யார் தெரிவிக்க வேண்டும் என்பதும் கேள்வியாக வரும். இதை எந்த நோயியல் பாடமும் சொல்லித் தராது. மூன்று நாட்டையும் கலந்து படித்தால் இந்த இடங்களில்தான் குழம்புவீர்கள்.

சிஆர்ஆர்ஐயோடு படிப்பது பற்றி. அந்த வருடத்தில் ரத்தம் எடுப்பதும், மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவதும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதுமே பிழைப்பு. "வேலை முடிந்து இரவில் படிக்கிறேன்" என்று திட்டம் போட்டால் புத்தகத்தின்மேல் தூங்குவீர்கள். வார்டிலேயே படியுங்கள். மூன்று நாளாகக் குழப்பமாகப் பேசுகிறார் என்று 70 வயதுப் பாட்டியைக் கொண்டு வருகிறார்கள், ரத்தத்தில் சோடியம் 116, மிகக் குறைவு. சீனியர் சொன்ன டிரிப்பை ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். போகாதீர்கள். பாட்டி வறண்டிருக்கிறாரா, உடம்பில் நீர் கோத்திருக்கிறதா, இரண்டும் இல்லையா? மாத்திரைப் பையில் தயசைட் இருக்கிறதா, மனச்சோர்வு மருந்து இருக்கிறதா? ரத்த ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள் செறிவு), சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி, சிறுநீர் சோடியம் மூன்றும் அனுப்பினார்களா? தைராய்டும் கார்ட்டிசாலும் யாராவது பார்த்தார்களா? 24 மணி நேரத்தில் சோடியத்தை லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்களே, ஏற்றினால் மூளைத்தண்டில் என்ன ஆகும்? இந்த ஐந்துக்கும் பதில் தேடினால் சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பி, மருந்தியல், நரம்பியல் நான்கிலும் ஒரு சுற்று வந்துவிடுவீர்கள். அன்று மாலை அதே தலைப்பில் கேள்வித் தொகுப்பிலிருந்து பத்து கேள்வி போடுங்கள், போதும். மறுநாள் வேறொரு நோயாளி. கூட்டம் நிரம்பி வழியும் நம் ஊர் வார்டில் கிடைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை லண்டன் மாணவனுக்குக் கனவிலும் கிடைக்காது. அதை வீணாக்கிவிட்டு வீடியோ வகுப்பு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

தேக்கா டு டெக்சஸ்

அக்கா சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் அமெரிக்கப் பக்கம் பேச ஒருவனாவது வேண்டாமா? நான் இங்கே அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற நிபுணர் பயிற்சியில் இருக்கிறேன். நிபுணர் தகுதியோடு ஒருநாள் சிங்கப்பூர் திரும்பலாம் என்ற எண்ணமும் உண்டு. சுற்று வழிதான். ஆனால் இங்கே பயிற்சியும் சம்பளமும் சேர்ந்தே வரும்.

ஸ்டெப் 1 இப்போது தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது. ஆகவே ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்தான் பேசும். அது ஒரே நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரம். பாதி தாண்டியதும் மூளை கெஞ்சும். படிப்பு மட்டும் போதாது தம்பி, உட்காரப் பழக வேண்டும். தேர்வு நெருங்கும்போது வாரத்தில் ஒரு நாள் முழு நீளத்துக்கு உட்காருங்கள், இடைவேளையையும் தேர்வில் இருப்பதுபோலவே எடுங்கள்.

கேள்வித் தொகுப்பு என்றால் நான் பயன்படுத்தியது யூவேர்ல்ட். பாடம் பாடமாகப் பிரித்துப் போடாமல் எல்லாப் பாடத்தையும் கலந்து, 40 கேள்வி, ஒரு மணி நேரம், கடிகாரம் ஓட. "இன்று இதயம்" என்று தெரிந்தே உட்கார்ந்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும், தேர்வில் யாரும் அப்படிச் சொல்லித் தரமாட்டார்கள். அப்புறம் விளக்கம் படிக்க இரண்டு மணி நேரம். சரியாகப் போட்டதையும் படிக்க வேண்டும், மற்ற நான்கு விடைகள் ஏன் தவறு என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாததை மட்டும் ஆங்கி என்கிற நினைவூட்டல் அட்டைச் செயலியில் அட்டையாகப் போடுவேன். கண்டதையெல்லாம் அட்டையாக்கினால் காலையில் எழுந்ததும் 600 அட்டை நிற்கும், வாழ்க்கை வெறுத்துவிடும்.

புள்ளியியலை விட்டுவிடாதீர்கள். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிபிசிட்டி, என்என்டி (ஒருவருக்குப் பலன் கிடைக்க எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற கணக்கு) எல்லாம் பத்துப் பக்க விஷயம், கைமேல் மதிப்பெண்.

செலவு மட்டும் கவனம். ஸ்டெப் 1 ஒன்றுக்கே ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். நேர்காணல், விசா தனி.

இடம் பற்றி ஒரு குறிப்பு. ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தில் சிங்கப்பூர் நூலகங்களில் உட்கார இடம் கிடைக்காது, ஓ நிலைப் பிள்ளைகள் டிஷ்யூ பாக்கெட் வைத்து "சோப்" பண்ணி, அதாவது இடம் பிடித்துவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டிலிருந்து படிக்கலாம் என்றால் மேல்மாடியில் சுவர் உடைக்கும் ஹேக்கிங் சத்தம். நான் ஸ்டெப் 1-க்குப் படித்ததில் பாதி சமூக மன்றத்தின் படிப்பு அறையில்தான். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரவுப் பணி

நான் டாக்டர் இல்லை, மூத்த தாதி. வயதில் உங்கள் அம்மாவுக்குச் சமமாக இருப்பேன். எல்லாரும் எழுத்துத் தேர்வைப் பற்றியே பேசுகிறீர்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் விழுவது செய்முறையில்தான் என்று பலரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வார்டில் பேசஸுக்குப் படிக்கும் எம்ஓக்கள் (இளநிலை டாக்டர்கள்) வேலை முடிந்ததும் ஒருவரையொருவர் பரிசோதித்துக்கொண்டு நிற்பார்கள், சில நேரம் என்னையும் நோயாளியாக நடிக்கச் சொல்வார்கள். பேசஸில் ஏழு திறன்களைத் தனித்தனியாகப் பார்ப்பார்களாம், ஏழிலும் தேற வேண்டும். இதய ஒலியைச் சரியாகச் சொன்னவன், நோயாளியின் கவலையைக் கேட்காமல் விட்டால் அந்த ஒன்றிலேயே போயிற்று. பிளாப்பின் செய்முறைப் பகுதியான பிளாப் 2 மான்செஸ்டரில் நடக்கிறது, 16 நிலையம், அதாவது 16 நோயாளிச் சூழல், ஒன்றுக்கு எட்டு நிமிடம். என் அண்ணன் மகள் எழுதினாள்.

எட்டு நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் நோயாளியைப் பேச விடுவதற்குப் பெரிய மனது வேண்டும். புது டாக்டர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே "வலி எப்போ ஆரம்பிச்சது, எங்கே, எவ்வளவு" என்று அடுக்குவார்கள். படுத்திருக்கும் பாட்டிக்கு வேண்டியது வேறு. பேரன் கல்யாணம் அடுத்த வாரம், அதற்குள் வீட்டுக்குப் போக முடியுமா என்பதுதான் அவர் கவலை. அதை யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியில் சாப்பாட்டுத் தட்டு எடுக்கப்போகும் என்னிடம் சொல்வார்.

அந்த மாமாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் தம்பி. வைத்தியம் பார்க்க இல்லை, பழக. எட்டு நிமிடம் வைத்துக்கொண்டு, எச்பிஏ1சி என்றால் என்ன என்று அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். "உங்களுக்கு இதில் எது பயமாக இருக்கிறது" என்று கேளுங்கள். அடுத்த நாள் அதையே அம்மாவை வைத்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள், தேர்வு ஆங்கிலத்தில்தானே. மெடிக்காக இருந்தவர் என்கிறீர்கள், ஆளைப் பார்த்துப் பேசும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும்.

அந்த மூன்று நாட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். என் மகனின் நண்பன் இப்படி ஒரு இடத்தில் கட்டினான். பதிவு செய்த பழைய வீடியோக்கள்தான் வந்தன, பணத்தைத் திருப்பிக் கேட்டால் யாரும் போனை எடுக்கவில்லை.

ஈசூன் கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி அப்பாவோடு நேற்று பேசினேன். உள்நோய் மருத்துவம்தான், பிளாப் வழியாகப் போய் எம்ஆர்சிபி. பயிற்சி நிலையத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன் ஆன்ட்டி. எட்டு நிமிடம் 40 நிமிடமானது. அவர் பயம் சர்க்கரை இல்லையாம், ஊசி போடச் சொல்லிவிடுவார்களோ என்பதுதானாம். பலதுறை மருந்தகத்தில் தேதி வாங்கியிருக்கிறார்.

இன்னும் ஒரு சந்தேகம். பிளாப்புக்கு இப்போதிருந்தே எடுத்து வைக்க வேண்டிய ஆவணம் ஏதாவது உண்டா? என் கடவுச்சீட்டில் பெயர் "எஸ்/ஓ" போட்டு அப்பா பெயரோடு முழுசாக இருக்கிறது. கல்லூரியில் இனிஷியல் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

வார்டு அக்கா

நல்லவேளை கேட்டீர்கள். விடுமுறை முடிந்து போனதும் முதல் வேலை அதுதான். பிரிட்டனின் மருத்துவ மன்றமான ஜிஎம்சி உங்கள் பட்டத்தை எபிக் என்கிற சேவை மூலம் நேரடியாகக் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும். கடவுச்சீட்டில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர் என்றால் அங்கேயே நிற்கும். யுஎஸ்எம்எல்இ எழுதினாலும் இதே கதைதான். பெயர் பொருந்தாவிட்டால் தேர்வு மையத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

கடவுச்சீட்டை மாற்றப் போகாதீர்கள், கல்லூரிப் பக்கத்தை மாற்றுங்கள். பட்டம் அச்சாவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் வரச் செய்யுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இனிஷியல் வந்துவிட்டதால், இரண்டும் ஒருவரே என்று கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்குங்கள், மூன்று நான்கு பிரதி. சிஆர்ஆர்ஐ முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அலுவலகத்தில் உங்களை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை பார்த்தீர்கள் என்பதையும் அந்தந்தப் பிரிவுத் தலைவரிடம் அவ்வப்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள். கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், பாதிப் பேர் இடம் மாறிப் போயிருப்பார்கள்.